அவுஸ்திரேலியாவில பறிச்செடுத்த புள்ளைகள்ட கதையை எங்கட ஊர்ப் புள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது

சிட்னியில இருந்து லீவுக்கு வந்த அண்ணன் முறையான ஒருத்தர் எங்கட வீட்டுல சாப்பிட்டுக்கொண்டிருக்கக்குள்ள சொன்னார், அங்க உள்ள கறுப்பனுகள் வேலைக்குப் போக மாட்டானுகள், குடிச்சிட்டு ரோட்டுல கிடப்பானுகள், அரசாங்கம் சும்மா காசு குடுக்குது எண்டு. என்ட மகள் அப்ப பத்தாம் வகுப்பு. "மாமா, அது அவங்கட ஊர்தானே?" எண்டு கேட்டாள். ஒருத்தரும் பதில் சொல்லல, நானும் சொல்லல, எனக்கு ஒண்டும் தெரியாது அப்ப. அதுக்குப் பிறகுதான், அங்க அரசாங்கம் அபோரிஜினல் எண்ட பூர்வீகக் குடி ஆக்கள்ட புள்ளைகளைத் தாய் தகப்பனிட்ட இருந்து பறிச்செடுத்த கதையைத் தேடித் தேடி வாசிச்சேன், மறுகா எங்கட வாசிகசாலையில ஓஎல், ஏஎல் புள்ளைகளை வச்சு நாலு தரம் இதைக் கதைச்சிருக்கேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ரியூசன் குடுக்கிறவங்க, இளைஞர் கழகம் நடத்துறவங்க, இல்லாட்டி அவுஸ்திரேலியாவில சொந்தம் இருக்கிற தாய் தகப்பன்மார் ஆருக்கும் உதவும் எண்டுதான் இதை எழுதுறேன்.

முதல்ல எங்கட வாயைப் பாருங்க. அபோரிஜினல் ஆக்களைப் பத்திக் கதைக்க முதல், இஞ்ச நாங்க "காட்டான்", "வேடன்" எண்டு ஆருக்கு என்னத்துக்குச் சொல்றம் எண்டு புள்ளைகளைக் கேளுங்க. வாகரை, கதிரவெளிப் பக்கம் தமிழ் பேசுற வேடர் பரம்பரை ஆக்கள் இருக்காங்க, அம்பாறை மாவட்டத்தில பொல்லேபெத்த எண்ட வேடர் கிராமம் இருக்கு, 1983ல மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா ஆக்கினதோட வேட்டையாடித் தேனெடுத்த காடே தம்பானைப் பக்கத்து வேடருக்குத் தடையாப் போச்சு. இது ஒரு அஞ்சு நிமிசம் போதும், ஆனா விடாதீங்க. இதைச் செய்யாமத் தொடங்கினா புள்ளைகள் "வெள்ளக்காரன் கெட்டவன்" எண்ட ஒரே முடிவோட வீட்ட போயிருவாங்க, நாளைக்கு அதே புள்ளை மெல்பேண் போய் அந்த அண்ணன் சொன்னதையே சொல்லும்.

அடுத்தது மண்டபத்தில ஆர் இருக்காங்க எண்டு பாக்கிறது. இது மற்ற எல்லாத்தையும் விட முக்கியம். எங்கட ஊர்ல புள்ளையைப் பறிகுடுத்த தாய்மார் இல்லாத ஒழுங்கை இல்ல. காணாமல் ஆக்கப்பட்டவங்க, போர்க்காலத்தில வீட்டுக்கு ஒராள் எண்டு கூட்டிக்கொண்டு போனது, சுனாமியில கை நழுவினது, எல்லாம் இருக்கு. நான் முதல் தரம் இதை யோசிக்கல, தாயிட்ட இருந்து புள்ளையை இழுத்தெடுத்துக்கொண்டு போன கதையைப் படபடெண்டு சொல்லிக்கொண்டு போனேன், பின்னால இருந்த ஒரு அம்மா எழும்பி வெளிய போயிட்டா. அதுக்குப் பிறகு நான் தொடங்கக்குள்ளயே சொல்லிருவன், இண்டைக்குக் கதைக்கப் போறது புள்ளைகளைத் தாயிட்ட இருந்து பிரிச்ச கதை, கேக்க ஏலாட்டி ஆரும் எந்த நேரமும் எழும்பிப் போகலாம், ஏன் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டம் எண்டு. வெளிய ஒரு கதிரையும் தேத்தண்ணியும் வச்சு, விசயம் தெரிஞ்ச ஒரு அக்காவையும் இருத்தி வைங்க. அவங்க பட்டது பெருசா நாங்க பட்டது பெருசா எண்டு தராசுல போட விடாதீங்க, அந்தக் கேள்வி கட்டாயம் வரும், வந்தா "ரெண்டு தாய்ட கண்ணீரை ஏன் நிறுக்கணும் மகன்" எண்டு கேட்டு நிப்பாட்டுங்க.

சரி, கதையை எங்க தொடங்குறது? சட்டத்தில தொடங்காதீங்க, வருசம் சொன்ன உடன புள்ளைகள் கொப்பியைத் திறந்து குனிஞ்சிருவாங்க. குடியில, அதாவது வம்சத்தில தொடங்குங்க. எங்கட பக்கம் குடி தாய் வழிதானே வருது, கோயில்ல எந்தக் குடிக்கு எந்த உரிமை எண்டது அதாலதானே, ஒரே குடிக்குள்ள கலியாணம் இல்ல எண்டதும் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பிறிஸ்டல் போட் துண்டு குடுத்து, நடுவில தன்ட பேரை எழுதி, சுத்தி தன்னை வளத்த எல்லாரையும் முறையோட எழுதச் சொல்லுங்க. அம்மா, அப்பா மட்டும் எழுதிற புள்ளை குறைவு. அம்மம்மா வரும், சின்னம்மா வரும், பெரியம்மா, மாமா வரும், அம்மா சவூதியில, கட்டாரில வேலை செய்ற புள்ளைக்கு அம்மம்மாதான் முழு ஆள். எழுதி முடிஞ்ச பிறகு அந்த நடுப்பேரை மட்டும் வெட்டி எடுத்து உங்கட கையில வச்சுக்கொள்ளுங்க. இப்ப கேளுங்க: இந்தப் புள்ளையை 200 மைல் தள்ளி ஒரு இல்லத்தில விட்டாச்சு, பேரை மாத்தியாச்சு, தாய் செத்துப் போயிட்டா எண்டு சொல்லியாச்சு, இருவது வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் "நீ ஆர்ட புள்ளை, என்ன குடி?" எண்டு கேட்டா என்ன சொல்லும்? கலியாணம் பேசக்குள்ள மச்சான் முறையா அண்ணன் முறையா எண்டு எப்படித் தெரியும்? அபோரிஜினல் ஆக்களுக்கும் இந்தப் பயம் உண்மையா இருந்திருக்கு, தெரியாமச் சொந்தத்தையே கட்டிருவமோ எண்டு. அவங்கட முறையும் எங்கட முறைக்குக் கிட்டத்தான், தாய்ட சகோதரியும் தாய், தகப்பன்ட சகோதரனும் தகப்பன். மேற்கு அவுஸ்திரேலியாவில கரியேரா எண்ட இனத்தாக்கள்ட மச்சான் மச்சாள் கலியாண முறையை எங்கட தமிழ் முறையோட பக்கத்தில வச்சு மானிடவியல் படிச்ச ஆக்கள் எழுதியிருக்காங்க.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்றன் எண்டா, அங்க புள்ளையை எடுக்கிறதுக்கு எழுதின காரணத்தில கனக்க வர்றது "கவனிப்பாரற்ற புள்ளை" எண்டதுதான். அம்மம்மாவோட இருந்தா கவனிப்பாரற்றது, ஒரு அறையில எட்டுப் பேர் படுத்தா கவனிப்பாரற்றது, வேலை தேடி இடம் மாறினா கவனிப்பாரற்றது. எங்கட ஊருக்கு அந்த அதிகாரி வந்திருந்தா எத்தனை வீட்டுப் புள்ளை மிஞ்சியிருக்கும் எண்டு கேளுங்க, வகுப்பு அப்படியே அமைதியாகும். இஞ்சயும் தாய் தகப்பன் உயிரோட இருக்க வறுமையாலயே சிறுவர் இல்லத்துக்குப் போன புள்ளைகள் இருக்காங்க, அப்படி ஒரு புள்ளை உங்கட வகுப்பிலயே இருக்கலாம், அதால அவங்களைப் பாத்துக் கை காட்டிக் கதைக்காம இருங்க. அவங்களுக்குப் பிறிஸ்டல் போட் வேலையையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

இப்ப சட்டத்துக்கு வரலாம். எல்லாத்தையும் சொல்லத் தேவையில்ல, மூண்டு போதும். 1905ல மேற்கு அவுஸ்திரேலியாவில வந்த சட்டத்தால, 16 வயசு வரைக்கும் எல்லா அபோரிஜினல் புள்ளைக்கும், கலப்பா பிறந்த புள்ளைக்கும் சட்டப்படி பாதுகாவலர் தாயுமில்ல தகப்பனுமில்ல, பிரதான பாதுகாவலர் எண்ட ஒரு அரசாங்க அதிகாரி. 1909ல நியூ சவுத் வேல்ஸ்ல பாதுகாப்புச் சட்டம். 1915ல அதைத் திருத்தி, புள்ளைட நன்மைக்கு எண்டு அந்தச் சட்டத்தை நடத்தின பாதுகாப்புச் சபை நினைச்சாலே போதும், கோட்டுக்குப் போய் நிரூபிக்கத் தேவையில்ல எண்டு ஆக்கினாங்க. சட்டத்தில, சபைட பேர்ல, அதிகாரிட பதவியில எல்லாத்திலயும் "பாதுகாப்பு" எண்ட சொல் இருக்கு. அந்தச் சொல்லை போட்ல எழுதிப் போட்டு அழிக்காம விடுங்க.

மறுகா நெவில். ஏ. ஓ. நெவில் 1915ல இருந்து மேற்கு அவுஸ்திரேலியாவில அந்தப் பிரதான பாதுகாவலர் பதவியில இருந்தவர், 1936ல பதவிட பேர் ஆணையாளர் எண்டு மாறின பிறகும் 1940 வரைக்கும் அவர்தான். 1937ல கன்பராவில மாநில அதிகாரிகள் கூடின மாநாட்டில அவர் கேட்டது இதுதான்: இந்த நாட்டில பத்து லட்சம் கறுப்பர் இருக்கப் போறாங்களா, இல்லாட்டி வெள்ளையருக்குள்ள கலந்து, அபோரிஜினல் எண்டு ஒரு இனம் இருந்ததையே மறக்கப் போறமா? அதாலதான் தோல் வெளுப்பான புள்ளைகளை முதல்ல குறி வச்சாங்க, அரை, கால், அரைக்கால் எண்டு ரத்தத்தை அளந்தாங்க. இந்த இடத்தில நிண்டு கதைங்க, அவசரப்படாதீங்க. ஏனெண்டா புள்ளைகள் இந்த இடம் வரைக்கும் "பிழையான ஒரு நலன்புரித் திட்டம்" எண்டுதான் நினைச்சுக்கொண்டிருப்பாங்க. பசிச்ச புள்ளைக்குச் சோறு குடுக்கிறது நோக்கம் எண்டா தாய்க்கே குடுத்திருக்கலாம், தோல் நிறத்தை ஏன் பாக்கணும்? ஒரு இனத்தை அழிக்கிற நோக்கத்தோட அதன்ட புள்ளைகளைப் பலவந்தமா இன்னொரு கூட்டத்துக்கு மாத்துறதும் இனப்படுகொலைதான் எண்டு 1948ம் வருசத்து ஐநா உடன்படிக்கையிலயே இருக்கு, இனப்படுகொலை எண்ட சொல் எங்கட ஆக்களுக்குப் புதுசில்ல, ஆனா இந்தப் பிரிவு அதுக்குள்ள இருக்கு எண்டது கனபேருக்குத் தெரியாது.

இல்லங்களைப் பத்திக் கொஞ்சம் சொன்னாக் காணும். பொம்பளைப் புள்ளைகளை குட்டமண்ட்ரா இல்லத்தில வெள்ளைக்கார வீடுகளுக்கு வேலைக்காரியாப் பழக்கினாங்க, சம்பளத்தில பெரும்பங்கு சபைட கையிலதான், கனபேருக்கு அது கடைசி வரைக்கும் வந்து சேரல. ஆம்பிளைப் புள்ளைகளை கிஞ்செல்லா இல்லத்தில பேர் சொல்லிக் கூப்பிடல, நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, அது 1924ல இருந்து 1970 வரைக்கும் நடந்த இடம். தாய் பாசையில கதைச்சா தண்டனை. வெள்ளைக்காரன் வந்த காலத்தில 250க்கு மேற்பட்ட மொழி இருந்த நாடு அது.

ஒராள்ட கதை சொல்லாட்டி இதெல்லாம் காத்தோட போயிரும். நான் சொல்றது புரூஸ் ட்ரெவோரோட கதை, கோடு வரைக்கும் போய் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை அது. 1957 நத்தார் நாள், தெற்கு அவுஸ்திரேலியாவில 13 மாசக் குழந்தை, வயித்தோட்டம், தகப்பன் அயலாக்களிட்டச் சொல்லி அடிலெய்ட் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறார். குழந்தைக்குச் சுகம் வந்துச்சு. ரெண்டு கிழமை போகல, தாய் தகப்பனுக்குச் சொல்லாம ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குக் குடுத்தாச்சு. தாய் காயிதம் போடுறா, புள்ளைக்கு இப்ப எப்படி, எப்ப வீட்ட வரும் எண்டு. புள்ளை நல்லாத் தேறி வருது, ஆனா இன்னும் டொக்டர்மார்ட பார்வையில இருக்கணும் எண்டு பதில் வருது, அந்த நேரம் புள்ளை ஆஸ்பத்திரியிலயே இல்ல. பத்து வயசில திருப்பித் தாயிட்ட விட்டாங்க, அதுக்குள்ள தகப்பன் செத்துப் போயிட்டார். 2007ல கோடு அவருக்கு 5,25,000 டொலர் நட்டஈடு குடுக்கச் சொன்னது, பறிச்ச புள்ளை ஒருத்தர் கோட்டில வெண்ட முதல் வழக்கு அது. அடுத்த வருசமே அவர் காலமாயிட்டார். இந்தக் கதையைச் சொல்லக்குள்ள அந்தக் காயிதத்தில ஒரு நிமிசம் நில்லுங்க. எங்கட தாய்மாரும் காம்ப் காம்பா, கொமிசன் கொமிசனா காயிதம் குடுத்தவங்கதானே, நீங்க ஒண்டும் விளக்கத் தேவையில்ல.

இனி மற்ற இனவாதத்தோட இது எப்படித் தொடுக்குது எண்டது. இதுக்கு ஒரு பயிற்சி இருக்கு, எங்கட புள்ளைகளுக்கு நல்லா ஏறும். ஆருக்கும் தெரியாத ஒரு பாசையில, போலிஷோ ஹங்கேரியனோ, போன்ல ஒரு 50 சொல்லைப் போட்டு விட்டு எழுதச் சொல்லுங்க. ஒருத்தராலயும் ஏலாது. அப்ப சொல்லுங்க, நீங்க எல்லாரும் பெயில், கப்பல்ல திரும்பிப் போங்க எண்டு. 1901ல அவுஸ்திரேலியா ஒரே நாடாச் சேந்த உடன போட்ட முதல் சட்டங்கள்ல குடிவரவுச் சட்டமும் ஒண்டு, வர்றவருக்கு ஏதோ ஒரு ஐரோப்பிய மொழியில 50 சொல் சொல்வதெழுதுதல் வைக்கலாம் எண்டு, அதிகாரி விரும்பின மொழியில. நிறத்தைப் பத்தி அதில ஒரு சொல்லும் இல்ல, ஆனா ஆருக்கு வைச்சாங்க எண்டு எல்லாருக்கும் தெரியும். 1934ல எகொன் கிஷ் எண்ட எழுத்தாளரை உள்ள விட விருப்பமில்லாம, அவருக்குக் கன மொழி தெரியும் எண்டதால ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில வைச்சாங்க. 1958 வரைக்கும் இந்தச் சோதனை இருந்துச்சு, வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கையை முழுசாக் கைவிட 1973 ஆச்சு. இப்ப கேளுங்க, உள்ள இருந்த கறுப்புப் புள்ளையை வெள்ளையாக்கணும், வெளிய இருந்து வர்ற கறுப்பனை மறிக்கணும், இது ரெண்டும் வேற வேறயா? என்ட அண்ணன் அந்தக் காலத்தில போயிருந்தா துறைமுகத்திலயே திரும்பியிருப்பார். இண்டைக்கு அவருக்கு அங்க வீடு இருக்கு எண்டா, அந்தச் சுவரை இடிச்ச ஆக்கள்ல அபோரிஜினல் ஆக்களும் இருக்காங்க. இல்லத்தில வளந்த சார்ள்ஸ் பெர்கின்ஸ் 1965ல சிட்னி பல்கலைக்கழக மாணவரோட பஸ்ல ஊர் ஊராப் போய், மொறீ எண்ட ஊர்ல கறுப்புப் புள்ளைகளை விடாத நீச்சல் குளத்துக்குள்ள அந்தப் புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். 1967 மே 27ல சர்வசன வாக்கெடுப்பு, 100க்கு 90க்கும் மேல ஆம் எண்டு போட்டதாலதான் அவங்களை நாட்டுச் சனத்தொகைக் கணக்கில சேக்க வழி வந்துச்சு.

இதோட நிப்பாட்டினா புள்ளைகள் முடிஞ்ச கதை எண்டு நினைப்பாங்க. 1997ல மனித உரிமை ஆணைக்குழு விசாரிச்சு அறிக்கை விட்டது, 1910க்கும் 1970க்கும் இடையில பத்தில ஒரு புள்ளையில இருந்து மூண்டில ஒரு புள்ளை வரைக்கும் எடுத்திருக்காங்க எண்டு. அப்ப இருந்த பிரதமர் ஜோன் ஹவார்ட் அரசாங்கத்தின்ட பேர்ல மன்னிப்புக் கேக்க மறுத்துட்டார், 2008 பெப்ரவரி 13ல அடுத்த பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில கேட்டார். ஆனா அதுக்கு முதலே, 1991ல முடிஞ்ச ஒரு ஆணைக்குழு, பொலிஸ் காவலிலயும் மறியலிலயும் செத்த 99 அபோரிஜினல் ஆக்கள்ட சாவை விசாரிச்சுது, அதில 43 பேர் சின்ன வயசில குடும்பத்தில இருந்து பிரிச்ச ஆக்கள். குடிகாரர் எண்டு அண்ணன் சொன்னதுக்கு நான் அண்டைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த 43தான். இண்டைக்கும் அந்த நாட்டில புள்ளைகள்ல 100க்கு 6 பேர் அளவில இருக்கிற பூர்வீகப் புள்ளைகள், தாய் தகப்பனை விட்டு அரசாங்கப் பராமரிப்பில இருக்கிற புள்ளைகள்ல 100க்கு 40க்கும் மேல. 2023 ஒக்ரோபர்ல அவங்களுக்குப் பாராளுமன்றத்தில ஆலோசனை சொல்ல ஒரு அமைப்பு வேணுமா எண்டு வாக்கெடுப்பு வைச்சாங்க, 60 வீதம் வேணாம் எண்டு போட்டது. எங்கட ஆக்களும் போட்டிருப்பாங்க, ஆம் எண்டும் இல்ல எண்டும், அதைக் கேக்கிறதுக்கும் சொந்தத்துக்குள்ள இடம் வேணும்.

கட்டாயம் வர்ற கேள்வி ஒண்டு: "டீச்சர், படிப்பும் சாப்பாடும் குடுத்தாங்க தானே?" கோவிக்காதீங்க, கேட்ட புள்ளை வீட்டில கேட்டதைத்தான் கேக்குது. புரூஸ்ட வழக்கையே திருப்பிச் சொல்லுங்க, தாயோட வீட்டில வளந்த அவர்ட சகோதரங்களையும் கோட்டில அவரோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, வறுமைக்குள்ள இருந்தாலும் அவங்கதான் மனசால உறுதியா இருந்தாங்க.

படம், வீடியோ காட்டுறதெண்டா ஒரு விசயம். செத்துப்போன ஆக்கள்ட படத்தைக் காட்டுறதும் பேரைச் சொல்றதும் கன அபோரிஜினல் சமூகத்தில துக்கத்தைக் கிளறுற விசயம், அங்க ரீவியிலயே முதல்ல எச்சரிக்கை போடுவாங்க. எங்கட வீட்டில செத்தவர்ட படத்துக்கு மாலை போட்டு முன் அறையில வைப்பம், அதால எங்களுக்கு இது விளங்காது, விளக்கிப் போட்டுக் காட்டுங்க. பெரிய ஆக்கள்ட கூட்டத்தில ரட் மன்னிப்புக் கேட்ட வீடியோ நல்லது, சின்னப் புள்ளைகளுக்கு அது சலிச்சிரும். சொல்லுக்கும் கவனம் வேணும், "அபோ" எண்டு சுருக்கினா அது அங்க ஏச்சு, ரத்தத்தை அரை கால் எண்டு சொல்றதும் ஏச்சுத்தான், அந்தக் காலச் சட்டம் அப்படி எழுதினது எண்டு சொல்லத் தேவைப்பட்டா மட்டும் சொல்லுங்க.

சொந்தம் அங்க இருக்கிற புள்ளைகளுக்கு வீட்டு வேலையா, வட்ஸ்அப் கோல்ல ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க: நீங்க இருக்கிற இடம் ஆர்ட காணி? சண்டை பிடிக்கச் சொல்லாதீங்க, மாமாவைத் திருத்தவும் சொல்லாதீங்க, கேக்க மட்டும். என்ட மகள் அந்தச் சிட்னி மாமாவிட்டக் கேட்டாள். அவர் சிட்னிப் பக்கம் பிளக்டவுன்ல இருக்கிறார், அது தாருக் எண்ட அபோரிஜினல் ஆக்கள்ட மண். 1815ல பரமட்டாவில ஆளுநர் மக்குவாரி அபோரிஜினல் புள்ளைகளுக்கு எண்டு ஒரு பள்ளிக்கூடம் திறந்தார், தாய் தகப்பன் விரும்பின நேரம் புள்ளையைத் திருப்பி எடுக்க ஏலாது, பிறகு 1823ல அதை மாத்தின இடம்தான் கறுப்பர் டவுன் எண்டு பேர் எடுத்துப் பிளக்டவுன் ஆச்சு. பத்து வருசத்துக்கு மேல அந்தப் பேரை விலாசத்தில எழுதின மனுசன், தெரியாது மகள் எண்டு சொல்லிக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அடுத்த கோல்ல அவர்தான் அதைப் பத்தித் தொடங்கினார்.

எண்டைக்கு வைக்கிறது எண்டு கேப்பீங்க. அங்க மே 26ஐ மன்னிப்பு நாளா நினைவுகூருறாங்க, ஆனா எங்கட பக்கம் அது வைகாசி, கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற காலம், ஒருத்தரும் வர மாட்டாங்க, வரச் சொல்றதும் சரியில்ல. ரட் மன்னிப்புக் கேட்ட பெப்ரவரி 13 நல்லது. மழை விட்டிருக்கும், ஆனா மாரி வெள்ளாமை வெட்டு நேரம், அதால பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு வைங்க, ஏழரைக்கு முடிச்சிருங்க, தூரத்துப் புள்ளைகள் இருட்டில சைக்கிள் மிதிச்சுப் போக வேண்டி வரும். வெட்டி எடுத்த பேர்த் துண்டுகளை முடியக்குள்ள ஒவ்வொரு புள்ளைட கையிலயும் திருப்பிக் குடுத்து, அந்தந்த இடத்தில ஒட்டி வீட்ட கொண்டு போகச் சொல்லுங்க, கம் போத்தல் ரெண்டு மூண்டு வாங்கி வைச்சிருங்க.